‘நடக்கட்டும், பிறகு பார்ப்பம்’ என்று நிற்க வேண்டாம், தம்பி

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உள்ள கிராமம் ஒன்றிலிருந்து 17 வயது மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டியில் கபடி. பாடிப் போன இவரை நான்கு பேர் சேர்ந்து பிடிக்க, முழங்காலில் மடிந்து குனிந்தபடி விழுந்த இவர் முதுகின் மேல் மற்றவர்கள் விழுந்தார்கள். அந்த நொடியிலேயே இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. நண்பர்கள் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் சாய்த்து வைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சுப் பகுதியின் 11ஆவது முள்ளெலும்பு உடைந்து விலகி முண்ணாணை (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டை) நசுக்கியிருந்தது. கம்பி வைத்துச் சத்திரசிகிச்சை நடந்தது. பிறகு ராகம புனர்வாழ்வு வைத்தியசாலையில் ஆறு வாரம். மொழி தெரியாத இடத்தில் அம்மா தனியே தவித்ததால், முடிக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இப்போது ஒன்பது மாதம். வைத்தியசாலை கொடுத்த துண்டில் ‘டி 11, ஏ’ என்று இருக்கிறது.

இரவில் கால்கள் துடிக்கின்றன. நரம்பு திரும்புகிறது என்று அம்மா சந்தோஷப்படுகிறார். வெளியூர்ப் பரியாரியார் ஒருவர் 45 நாள் எண்ணெய் கட்டி நடக்க வைப்பதாகச் சொல்லி ஒன்றரை இலட்சம் ரூபாய் கேட்கிறார். சலம் தானாகவே போவதால் கதீற்றர் (சலத்தை வெளியே எடுக்கும் குழாய்) போடுவதை விட்டுவிட்டார். துணி நனையும், மணக்கும் என்ற பயத்தில் தண்ணீரையும் ஒரு நாளைக்கு மூன்று கிளாசாகக் குறைத்துவிட்டார். இடுப்புக்குக் கீழே, நடு எலும்பின் மேல், ஒரு ரூபாய்க் குத்தி அளவில் தோல் உரிந்திருக்கிறது. உயர்தர வகுப்பு மாடியில் இருப்பதால் ‘வீட்டிலிருந்து படித்துத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதட்டும்’ என்று அதிபர் சொல்லியிருக்கிறார். மேலே விழுந்தவர்களில் ஒருவர் இவருடைய உயிர் நண்பர். தூக்கிக்கொண்டு ஓடியவரும் அவர்தான். மூன்று மாதமாக அவர் இந்தப் பக்கமே வருவதில்லை. அப்பா எதைக் கேட்டாலும் ‘முதல்ல நீ நடந்திடு, பிறகு பார்ப்பம்’ என்கிறார்.

தம்பி, உங்கள் கடைசி வரிக்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும். ‘நித்திரையிலேயே போயிற்றால் எல்லாருக்கும் நிம்மதி’ என்று எழுதி, பிறகு அதைக் கோடு போட்டு வெட்டியிருக்கிறீர்கள். கோட்டுக்குள்ளாலும் வாசிக்க முடிந்தது. முண்ணாண் காயப்பட்ட முதல் ஆண்டில் இந்த எண்ணம் பலருக்கு வருகிறது. அது வந்ததால் நீங்கள் கோழை ஆகிவிடவில்லை. ஆனால் அதைத் தனியே வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது. அந்த வரியை இன்றிரவே ஒரு பெரியவரிடம் அப்படியே சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்ல வாய் வராவிட்டால் மாமா, பெரியம்மா, பிடித்த ஆசிரியர், யாராகவும் இருக்கலாம். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழில் பேசலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு. கிளினிக்குக்குப் போகும் அதே நாளில் அங்கும் காட்டலாம். சாகலாம் என்ற எண்ணம் எப்படி என்ற யோசனையாக மாறினால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் ஒருவரை எழுப்பி, 1990க்கு எடுத்து அம்புலன்ஸில் போங்கள். முண்ணாண் காயத்துக்கு இன்று முழுக் குணம் இல்லை. மனச்சோர்வுக்கு இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இனி மற்றவை. கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். உங்கள் வீட்டில் படிப்பு, கழிப்பறை, நாற்காலி, நண்பர் என்று எல்லாமே ‘நடந்த பிறகு’ என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. இந்தக் காத்திருப்புத்தான் எனக்கு உங்கள் முதுகை விடக் கவலை தருகிறது. நடக்க வருமோ வராதோ, தோல், சிறுநீரகம், தோள்மூட்டு, படிப்பு ஆகிய நான்கும் இப்போதே காப்பாற்றப்பட வேண்டியவை. இவற்றில் ஒன்று கெட்டால், நாளைக்கு ஏதாவது புதிய சிகிச்சை வந்தாலும் அதற்கு உடம்பு தயாராக இருக்காது.

புண்: இன்றைக்கே பார்க்க வேண்டியது

ஒரு ரூபாய்க் குத்தி அளவு என்று எழுதியிருக்கிறீர்கள். வெளியே தெரிவது அவ்வளவு. படுக்கைப்புண் எலும்புப் பக்கமிருந்து மேலே வரும். தோலில் சின்ன வட்டம் தெரியும்போது உள்ளே பெரிய குழி இருக்கலாம். நீங்கள் சொல்லும் இடத்தில் புண் வருவது மல்லாந்து படுப்பதாலும், நாற்காலியில் சறுக்கி, முதுகு வளைந்து உட்காருவதாலும்தான். அந்த இடத்தில் பாரம் விழும்வரை எந்த மருந்து கட்டினாலும் ஆறாது.

ஆகவே புண் மூடும்வரை மல்லாக்கப் படுக்க வேண்டாம். இடப்பக்கம், வலப்பக்கம், குப்புற என்று மாறிமாறிப் படுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்ப வேண்டும், இரவிலும். முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை. சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் தடை சொல்லாவிட்டால் குப்புறப் படுத்தபடியே நெஞ்சின் கீழ் தலையணை வைத்துப் புத்தகம் வாசிக்கலாம். இடுப்பு மடங்கி இறுகிப்போவதையும் அது தடுக்கும். அம்மா மஞ்சளும் ஸ்பிரிட்டும் போடுவதாக எழுதியிருந்தீர்கள். இரண்டையும் நிறுத்துங்கள், புதிதாக வளரும் தசையை ஸ்பிரிட் கருக்கிவிடும். ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கழுவி, சுத்தமான கோஸ் வைத்து மூடி, அருகிலுள்ள வைத்தியசாலையில் இந்த வாரமே காட்டுங்கள். கறுத்தால், மணத்தால், காய்ச்சல் குளிர் வந்தால் வாரம் வேண்டாம், அன்றே. சாப்பாட்டில் முட்டை, மீன், பருப்பு தினமும் இருக்கட்டும். புண் ஆற உடம்புக்குப் புரதம் நிறைய வேண்டும், சோறும் சம்பலும் போதாது.

ஒரு காற்றடித்த றப்பர் வளையத்தின் மேல் உட்காருவதாகவும் சொல்லியிருந்தீர்கள். அதைத் தூக்கி வையுங்கள். வளையம் நடுவில் பாரத்தைக் குறைப்பதுபோல் தோன்றும். சுற்றியிருக்கும் தோலை அது நெரித்து, நடுவுக்கு வரும் இரத்தத்தையே தடுக்கிறது. நல்ல எண்ணத்தில் வாங்கிக் கொடுக்கப்பட்டு எத்தனையோ புண்களைப் பெரிதாக்கிய பொருள் அது.

புண் ஆறிய பிறகு வாழ்நாள் முழுக்க இரண்டு பழக்கம். காலையும் இரவும் ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்து இடுப்பு, உட்காரும் எலும்பு இரண்டு, குதிகால், கணுக்கால் ஆகியவற்றைப் பாருங்கள்; சிவப்பு அரை மணித்தியாலத்துக்குள் மறையாவிட்டால் அந்த இடத்தில் அன்று பாரம் வைக்கக் கூடாது. நாற்காலியில் இருக்கும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை மார்பு தொடையில் படுமளவு முன்னால் குனிந்து இரண்டு நிமிடம் இருங்கள். கையை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பத்து விநாடியில் இறக்குவது போதாது; நசுங்கிய தோலுக்குள் இரத்தம் திரும்பிவர அதைவிட நேரம் எடுக்கும், தோளும் தேயும்.

கால் துடிப்பதும் எண்ணெய் கட்டுவதும்

முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினால் கால் எகிறும், பார்த்திருப்பீர்கள். அது மூளையைக் கேட்டு எகிறுவதில்லை. முண்ணாணே தனியாகச் செய்யும் வேலை. காயத்துக்குக் கீழே உங்கள் முண்ணாண் உயிரோடுதான் இருக்கிறது, மேலிருந்து வரும் கட்டளைதான் அறுந்திருக்கிறது. கட்டுப்படுத்த ஆளில்லாததால் அது தன் பாட்டில் துடிக்கிறது. அம்மாவின் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கும் மனமில்லை, ஆனால் இது நடை திரும்புவதன் அடையாளம் ஆகாது. நீங்களாக நினைத்து ஒரு விரலை அசைக்க முடிந்தால், அது வேறு கதை, உடனே காட்டுங்கள். துடிப்பு திடீரென்று கூடினால் உடம்பு வேறெதையோ சொல்கிறது என்று எடுங்கள்: சலத்தில் கிருமி, மலச்சிக்கல், புண், விரலுக்குள் வளர்ந்த நகம். உங்களுக்கு இப்போது புண் இருப்பதே ஒரு காரணமாக இருக்கலாம். துடிப்புக்கு பக்லோஃபென் குளிசை தந்திருந்தால், முடிந்துவிட்டது என்று சட்டென நிறுத்தக் கூடாது, வலிப்புக்கூட வரலாம்.

‘ஏ’ என்றால் காயத்துக்குக் கீழே, மலவாயைச் சுற்றியும்கூட, உணர்வோ அசைவோ இல்லை என்று பொருள். திரும்புவதில் பெரும்பகுதி முதல் ஆறு, ஒன்பது மாதத்துக்குள் திரும்பும். இன்றும் ‘ஏ’யாகவே இருந்தால், முன்போல் ஓடி நடக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. இதை மெழுகிச் சொல்வது உங்களுக்கு நான் செய்யும் உதவியாகாது. ஆனால் ராகமையிலிருந்து வந்த பிறகு யாரும் பஞ்சும் ஊசியும் வைத்து மீண்டும் பரிசோதிக்கவில்லை என்று தெரிகிறது. அந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்யுங்கள். மேலும் 11ஆம் மட்டத்தில் காயப்பட்ட பலரால் இரண்டு காலுக்கும் நீளமான கலிப்பர் (காலை நிமிர்த்தித் தாங்கும் சட்டம்) போட்டு, வோக்கர் பிடித்து எழுந்து நிற்கவும், சில அடி வீசி நடக்கவும் முடியும். களைப்பு அதிகம் என்பதால் வெளியே போக வர அது உதவாது. எலும்புக்கும் குடலுக்கும் நல்லது, நிமிர்ந்து ஒருவர் முகத்தைப் பார்ப்பது மனதுக்கும் நல்லது.

பரியாரிமாரை நான் இகழ மாட்டேன். கை முறிந்து நெரிந்து போய் அவர்களிடம் சுகமாகி வந்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். எலும்பு ஒட்டும். அறுந்த முண்ணாண் ஒட்டாது, எண்ணெய் அங்கே போய்ச் சேரவும் சேராது. உங்கள் உடம்பில் அந்தச் சிகிச்சைக்குத் தனி ஆபத்துகளும் உண்டு. சூடு தெரியாத காலில் ஒத்தடம் வைத்தால் தோல் வெந்து கொப்பளித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். ஒன்பது மாதம் பாரம் தாங்காத தொடையெலும்பு மெலிந்திருக்கும். பிடித்து முறுக்கினால் உடையலாம், உங்களுக்கு வலிக்காது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் உள்ளே இரத்தக்கட்டி இருக்கலாம். அதை உருவிவிட்டால் கட்டி நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்து. இதற்கெல்லாம் மேலாக, 45 நாள் மல்லாக்கக் கட்டி வைத்தால் அந்தப் புண் எலும்புவரை போகும். ஒன்றரை இலட்சம் ரூபாய் இருக்கிறதென்றால் அதை எங்கே போடலாம் என்று கீழே சொல்கிறேன்.

தண்ணீர் குடியுங்கள்

‘சலம் தானாகப் போகிறதே, பிறகென்னத்துக்குக் கதீற்றர்’ என்று கேட்டிருக்கிறீர்கள். சலப்பை நிரம்பினால் அது தானாகச் சுருங்கும்; அதே நேரத்தில் வாசலை மூடும் தசையும் இறுகும். ஒரு பக்கம் தள்ள, மறுபக்கம் அடைக்க, கொஞ்சம் வெளியே கசியும், மிச்சம் உள்ளேயே நிற்கும், அழுத்தம் மேலே சிறுநீரகத்துக்குப் போகும். வலி தெரியாத உடம்பில் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுவிடும். அடிவயிற்றை அமுக்கி எடுப்பது இதைவிட மோசம்.

ராகமையில் படித்ததற்கே திரும்புங்கள். நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 12 அல்லது 14 இலக்கக் கதீற்றர், சவர்க்காரம் போட்டுக் கழுவிய கை, தண்ணீரில் கரையும் ஜெலி. தேங்காய் எண்ணெய் வேண்டாம். மூன்று நாளுக்கு ஒரு கொப்பியில் நேரமும், அளவுக்கோடு போட்ட கிண்ணத்தில் அளந்த மில்லிலீற்றரும் எழுதுங்கள். ஒரு தடவையில் 500க்கு மேல் வந்தால் இடைவெளி கூடிப்போயிற்று, ஒரு நேரத்தைச் சேர்க்க வேண்டும். தண்ணீர் ஒன்றரை முதல் இரண்டு லீற்றர். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இன்னும் கொஞ்சம். ஒரேயடியாகக் குடிக்காமல் பகல் முழுக்கப் பிரித்துக் குடித்து, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குறையுங்கள். தண்ணீர் குறைத்தால்தான் சலம் தடித்து மணக்கும், கல்லும் கட்டும். பயந்து செய்ததே அந்த மணத்தைக் கொண்டுவருகிறது.

சலம் கலங்கினவுடன் அன்டிபயோட்டிக் வாங்கிப் போடாதீர்கள். கதீற்றர் போடுபவர்களுக்குக் கலக்கல் அடிக்கடி வரும். காய்ச்சல், குளிர் நடுக்கம், திடீர்க் கசிவு, துடிப்புக் கூடுதல் ஏதாவது சேர்ந்து வந்தால்தான் மருந்து. அப்போதும் முதலில் சலத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு. வருடத்துக்கு ஒரு முறை சிறுநீரக ஸ்கானும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் அளவை இரத்தத்திலும் பார்க்க வேண்டும். கதீற்றர் கிளினிக்கில் கேளுங்கள். தட்டுப்பாடென்றால், கழுவிக் காயவைத்து மீண்டும் பாவிப்பது பற்றி அங்குள்ள தாதியிடம் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாரியில் வீதி மூடினால் வாவியைக் கடந்து வர முடியாத நாட்கள் உங்களுக்கே தெரியும். மூன்று வாரத்துக்கான கதீற்றர், குளிசை, கோஸ் ஒரு மூடிய பிளாஸ்ரிக் வாளியில் எப்போதும் இருக்கட்டும்.

மலத்துக்கும் ஒரு நேரம் வேண்டும். தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், காலைச் சாப்பாடும் சூடான தேநீரும் முடிந்து 20, 30 நிமிடத்தில், குடல் தானாக அசையும் நேரத்தில். கால் துடிப்பு இருப்பதால் குடலின் தன்னியக்கமும் இருக்கும்: கிளிசரின் குளிசையை மலவாய்க்குள் வைத்து, பிறகு கையுறை போட்டு ஜெலி பூசிய விரலால் மெதுவாக வட்டமாகச் சுழற்றினால் திறந்துகொள்ளும். நகம் வெட்டியிருக்க வேண்டும். இதை அம்மா செய்வது உங்களுக்கு எவ்வளவு கூச்சம் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கைகளுக்கு முழுப் பலம் இருக்கிறது. இதை நீங்களே செய்யப் பழகலாம். ஒழுங்கான நேரம் பிடிபட ஆறு, எட்டு வாரம் எடுக்கும், நடுவில் இரண்டொரு நாள் பிழைத்துப்போகும். அதற்காக முறையை மாற்ற வேண்டாம்.

நாற்காலியும் வீடும்

நன்கொடையாகக் கிடைத்தது வைத்தியசாலைகளில் ஆட்களைத் தள்ளிப்போகும் 18 அங்குல மடக்கு நாற்காலி. உங்கள் இடுப்போ அவ்வளவு அகலம் இல்லை. அதற்குள் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்து, வளரும் வயதில் முதுகெலும்பு வளைகிறது, புண்ணும் வருகிறது. இருக்கை உங்கள் இடுப்பைவிடச் சுமார் இரண்டு சென்ரிமீற்றர்தான் கூட இருக்க வேண்டும். முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையில் இரண்டு, மூன்று விரல் இடைவெளி. கால் மிதியில் பாதம் முழுதாகப் படிய, தொடை இருக்கையில் படிந்திருக்க வேண்டும். முழங்கால் மேலே எழும்பி நின்றால் முழுப் பாரமும் உட்காரும் எலும்பில் விழும். இந்த அளவுகளை இயன்மருத்துவரோ தொழில்வழிச் சிகிச்சையாளரோ எடுத்துக் கொடுத்தால், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கும்போது அளவோடு கேளுங்கள். ‘ஏதோ ஒன்று’ என்று கேட்டால் ஏதோ ஒன்றுதான் வரும். இருக்கை மெத்தையும் நாற்காலியோடு சேர்ந்த பாகம், ஆடம்பரப் பொருள் அல்ல.

சில்லில் காற்றுக் குறைந்தால் பிறேக் பிடிக்காது. கட்டிலுக்கு மாறும் நேரம் நாற்காலி பின்னால் போய் விழுந்துவிடுவீர்கள். வாரம் ஒருமுறை பெருவிரலால் அமுக்கிப் பாருங்கள். மணல் ஒழுங்கையில் சின்ன முன்சில்லுத்தான் புதையும்.

வீட்டில் மூன்று வேலை. வாசல்படி ஆறு அங்குல உயரமென்றால் சாய்வு ஆறடி நீளம் வேண்டும்; ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பதே கணக்கு. இரண்டடிச் சாய்வு போட்டால் ஏறவும் முடியாது, இறங்கும்போது குப்புற விழும். கதவு அகலம் 32 அங்குலம். கழிப்பறைக் குழிக்கு மேல் வைக்க, நடுவில் துளையிட்ட, மெத்தை போட்ட கொமட் கதிரை. அதிலேயே கிணற்றடியில் குளிக்கவும் செய்யலாம். கட்டில் உயரமும் நாற்காலி உயரமும் ஒன்றாக இருந்தால் ஒரு வழுக்குப் பலகையால் நீங்களாகவே மாறலாம். அந்த ஒன்றரை இலட்சத்துக்கு நான் சொல்லும் இடம் இதுதான்: சாய்வு, கழிப்பறை, மெத்தை.

பாடசாலை

‘தனிப்பட்ட பரீட்சார்த்தி’ என்பதற்கு உடன்படாதீர்கள். அதிபர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை, ஆனால் அந்த யோசனை தவறு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் 23ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் இயலாமையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றம்வரை போக இடமுண்டு. பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. இவ்வளவும் உங்கள் கையில் இருக்கட்டும். வாயில் முதலில் வர வேண்டியது வேறு. அதிபரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘சேர், எங்கட வகுப்பைக் கீழ் மாடிக்கு மாற்றலாமா?’ ஒரு வகுப்பை இடம் மாற்றச் செலவு இல்லை, சுற்றறிக்கையும் வேண்டாம். மறுத்தால் அதே கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, பிரதியை வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்புங்கள்.

பரீட்சைக்கு மேலதிக நேரம், கீழ்த்தள மண்டபம் போன்ற சலுகைகளை வைத்தியச் சான்றிதழுடன் அதிபர் மூலமாகப் பரீட்சைத் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். விண்ணப்பம் போகும் காலத்திலேயே கேளுங்கள், கடைசி வாரத்தில் அல்ல. பல்கலைக்கழக அனுமதியிலும் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி ஏற்பாடு உண்டு; உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகுதியை எடுத்திருக்க வேண்டும். அரச வேலையில் 3 சதவீதம் ஒதுக்கும் சுற்றறிக்கை 1988இலிருந்து இருக்கிறது. விபத்து நடந்த நாளில் சுரக்ஷா மாணவர் காப்புறுதி நடைமுறையில் இருந்ததா, விண்ணப்பக் காலம் இன்னும் இருக்கிறதா என்றும் அதிபரிடமே விசாரியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவுக்குக் கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகம்.

பாடசாலை நாளைப் படம்போல் யோசித்துப் பாருங்கள். காலையில் புறப்படுமுன் ஒரு தடவை கதீற்றர், இடைவேளையில் நோயாளர் அறையில் ஒரு மூடிபோட்ட போத்தலுக்குள் ஒரு தடவை, வீடு வந்ததும் ஒரு தடவை. 40 நிமிடப் பாடத்துக்கு இரண்டு முன்குனிவு. மேசையில் தலை வைத்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். காற்சட்டை ஒரு அளவு பெரிதாக, பின்பக்கப் பொக்கற் பிரித்து எடுக்கப்பட்டதாக இருக்கட்டும். அந்தத் தடித்த தையலே புண் போடும். பொக்கற்றில் போன், திறப்பு எதுவும் வேண்டாம். கால் பின்னேரம் வீங்கும் என்பதால் சப்பாத்தும் ஒரு அளவு பெரிது. போட்டதும் விரல் மடிந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

விளையாட்டைப் பற்றி நீங்கள் எதுவுமே கேட்கவில்லை. கேட்க மனம் வரவில்லை என்று விளங்குகிறது. ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். முண்ணாண் காயப்பட்டவர்களுக்குச் சிகிச்சையாகவே விளையாட்டைத் தொடங்கி வைத்தவர் லூட்விக் குட்மன் என்ற வைத்தியர். 1948இல் இங்கிலாந்தில் அவர் நடத்திய சிறு வில்வித்தைப் போட்டியிலிருந்துதான் பராலிம்பிக் வளர்ந்தது. இலங்கையில் சக்கர நாற்காலி டெனிஸ் இருக்கிறது. கபடி ஆடிய தோள் உங்களுடையது. புண் ஆறட்டும், பிறகு அதைப் பற்றி எழுதுங்கள்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும்

இந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள், தம்பி. அம்மா, மகன் நடந்து வந்து கும்பிடுவார் என்று கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரருக்கு நேர்த்தி வைத்திருக்கிறீர்களாம். திருவிழாவுக்கு அவரை நாற்காலியிலேயே கூட்டிப்போங்கள், நேர்த்தி குறையாது. ஒரு கவனம் மட்டும்: உச்சி வெயிலில் காய்ந்த மணலிலோ, நாற்காலியின் சுட்ட இரும்பு மிதியிலோ வெறுங்கால் படக் கூடாது. கோயிலுக்காகச் செருப்பைக் கழற்றினால் தடித்த காலுறை போட்டு, காலை வேளையில் போய் வாருங்கள். அப்பா, ‘நடந்த பிறகு’ என்று நீங்கள் சொல்வது மகனுக்குத் தெம்பு கொடுக்கத்தான். அவர் காதில் அது ‘நடக்காவிட்டால் உனக்கு ஒன்றுமில்லை’ என்று விழுகிறது. அந்தச் சொல்லை நிறுத்திவிட்டு, சாய்வுக்குச் சீமெந்து குழையுங்கள். இன்னும் ஒன்று: ராகமையில் விட்டுவந்த பயிற்சி பாதியில் நிற்கிறது. மீண்டும் அனுமதிக்கக் கடிதம் தரும்படி கிளினிக்கில் கேளுங்கள். இம்முறை துணைக்குச் சிங்களம் தெரிந்த சொந்தக்காரர் ஒருவர் முதல் வாரம் நிற்கட்டும்.

அந்த நண்பர்

‘அவன் தூக்கினதாலதான் இப்பிடியா’ என்று கேட்டிருக்கிறீர்கள். எலும்பு உடைந்து விலகும் காயத்தில் முண்ணாண் பெரும்பாலும் விழுந்த அந்த நொடியிலேயே நசுங்கிவிடும். கால் போனதை நீங்கள் மைதானத்திலேயே, யாரும் தொடுமுன் உணர்ந்திருக்கிறீர்கள். கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படித் தூக்கியது பிழையான முறைதான். தலையையும் முதுகையும் அசைக்காமல், நாலைந்து பேர் ஒன்றாக, மரக்கட்டையைப் புரட்டுவதுபோல் உடம்பு முழுவதையும் ஒரே நேரத்தில் திருப்பிப் பலகையில் ஏற்ற வேண்டும். அதைவிட நல்லது 1990 வரும்வரை அசைக்காமல் வைத்திருப்பது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. உங்கள் கழகத்துக்கு இப்போது சொல்லிக் கொடுங்கள், அடுத்த சித்திரைக்கு முன்.

அவர் வராமல் இருப்பது வெறுப்பால் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் காலைப் பார்க்க அவரால் முடியவில்லை. நீங்கள்தான் முதலில் கூப்பிட வேண்டியிருக்கும், அது நியாயமில்லை என்றாலும். மன்னிப்பு, அழுகை என்று தொடங்காமல் ஒரு வேலைக்குக் கூப்பிடுங்கள். மணலில் நாற்காலி தள்ள ஒரு ஆள் வேண்டும். பின்னால் நின்று கைபிடியைக் கீழே அமுக்கி, பின்பக்கத்து நீட்டுக் கம்பியைக் காலால் மிதித்தால் முன்சில்லு எழும்பும். அப்படியே சாய்த்துப் பிடித்துப் பெரிய சில்லு இரண்டில் மட்டும் உருட்டினால் மணலில் புதையாது. இறங்குபடியில் நாற்காலியைப் பின்பக்கமாகத்தான் இறக்க வேண்டும். முதல் நாள் ஒரு அரிசி மூட்டையை இருத்தி அவர் பழகட்டும், அதன்பிறகு நீங்கள் ஏறுங்கள்.